நோம்பி வரைக்கும் இருக்கலாமா?

"இன்னும் மூணு மாசந்தானுங். போனசை வாங்கிப்போட்டு அப்புறம் எங்க வேணுன்னாலும் போங்க." சேலம், நாமக்கல் பக்கம் வேலை மாறப்போகிறேன் என்று வாய் திறக்கிற யாருக்கும் இந்த யோசனை கிடைக்காமல் போகாது. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவருக்கும் இதுதான் சொல்லப்படுகிறது. சேலத்தில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இதுதான். சொல்கிறவர் அண்ணனாகவோ மாமனாராகவோ இருப்பார், அக்கறையோடுதான் சொல்வார். அக்கறை இருக்கிறது, கணக்கு இருக்கிறதா என்று இதுவரை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. போட்டுப் பார்த்தால் இந்த ஒரே யோசனை ஒரு இடத்தில் சரியாகவும், இன்னொரு இடத்தில் முழுத் தப்பாகவும், மூன்றாவது இடத்தில் மாதத்தைப் பொறுத்தும் விடை தருகிறது. எங்கே சரி, எங்கே தப்பு என்பதில்தான் வினோதம் இருக்கிறது.

முதலில் தறிப்பட்டறை. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் என்று காவிரிக்கு இந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஊர்களில் எல்லாம் போனஸ் என்றால் தீபாவளி போனஸ்தான். ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்த கையோடு பேச்சு ஆரம்பித்துவிடும். சங்கத்துக்காரர்கள் ஒரு சதவீதம் கேட்பார்கள். முதலாளிகள் நூல் விலையையும் தேங்கிக் கிடக்கும் ஜவுளியையும் காட்டி அதற்குக் கீழே ஒரு சதவீதம் சொல்வார்கள். அதிகாரிகள் முன்னிலையில் இரண்டு மூன்று சுற்று நடக்கும், இழுபறி என்று செய்தி வரும், நோம்பிக்கு, அதாவது தீபாவளிக்கு, முந்தைய வாரத்தில் நடுவே ஒரு எண் முடிவாகும். போன தீபாவளியிலிருந்து இந்தத் தீபாவளி வரை வாங்கிய கூலியில் அந்தச் சதவீதம். பட்டறை நோட்டில் வாரா வாரம் எழுதிய மீட்டரும் கூலியும் இருப்பதால் கூட்டிப் போடுவதில் சிக்கல் இல்லை.

ஒரு உதாரணத்துக்கு வாரம் 3,500 ரூபாய் எடுக்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 50 வாரம் தறி ஓடினால் 1,75,000. போனஸ் 10 சதவீதம் என்றால் 17,500 ரூபாய், அதாவது ஐந்து வாரக் கூலி. பக்கத்துப் பட்டறையில் வாரத்துக்கு 300 ரூபாய் கூடக் கிடைக்கும்போல் இருக்கிறது. போகலாமா, தீபாவளி வரை நிற்கலாமா?

இங்கே பலரும் முழு 17,500-ஐயும் தராசில் வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. தை மாதம் கிளம்புகிறவருக்குச் சேர்ந்திருப்பது கால் வருஷப் போனஸ்தான். வாரத்துக்கு 350 ரூபாய் வீதம் அது ஏறிக்கொண்டே போகும். மிச்ச வாரங்களுக்குப் புதுப் பட்டறையில் போனஸ் ஓட ஆரம்பிக்கும். ஆகவே நோம்பி முடிந்த மறுவாரம் கிளம்பினால் இழப்பு ஒன்றுமில்லை, நோம்பிக்கு முந்தின வாரம் கிளம்பினால் அத்தனையும் இழப்பு. இரண்டுக்கும் நடுவில், இதுவரை சேர்ந்த போனசும் இனிமேல் காத்திருந்தால் விட்டுப்போகும் கூடுதல் கூலியும் சமமாகிற ஒரு வாரம் உண்டு. மேலே சொன்ன எண்களுக்கு அது 23-ஆவது வாரம், ஏறக்குறைய பங்குனி. அதற்கு முன்னால் என்றால் கிளம்பலாம். சித்திரை பிறந்துவிட்டால் நிற்பதே லாபம்.

ஆனால் வாரம் 300 ரூபாய் கூடுதலாகத் தரும் பட்டறை எங்கே இருக்கிறது? மீட்டர் கூலி அந்தந்த வட்டாரத்தில் அநேகமாக ஒன்றுபோலத்தான். கூலி உயர்வு ஒப்பந்தமும் வட்டாரத்துக்கே சேர்த்துப் போடுவது. நல்ல பாவு, அறுந்து நிற்காத நூல், அடிக்கடி கரன்ட் போகாத இடம் என்று பார்த்தால் வாரத்துக்கு ஒரு நூறு ரூபாய் வித்தியாசம் வரலாம். அப்படியானால் சமப்புள்ளி 11-ஆவது வாரத்துக்கு, மார்கழிக் கடைசிக்கு வந்துவிடும். பொங்கலுக்குப் பிறகு எந்த மாதத்தில் கேட்டாலும் "இரு" என்பதே சரியான பதில். தறிக்காரருக்கு அண்ணன் சொன்ன யோசனை இங்கே தேறிவிடுகிறது.

அப்படியானால் நடுவருஷத்தில் பட்டறை மாறுகிறவர்களை என்ன சொல்வது? அவர்கள் மாறுவது கூலிக்காக இல்லை, பாக்கிக்காக. முன்பணம் என்றும் அட்வான்ஸ் என்றும் சொல்வார்கள், பேச்சில் பெரும்பாலும் பாக்கிதான். வேலைக்குச் சேரும்போது முதலாளி மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். அதற்கு வட்டி இல்லை, திருப்பிக் கட்டும் தவணையும் உறுதியாக இல்லை. வேறு பட்டறைக்குப் போகவேண்டுமானால் அதை அடைத்துவிட்டுப் போகவேண்டும். புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார், அந்தத் தொகை அவருடைய நோட்டில் தொழிலாளியின் பெயரில் ஏறும், கூடவே கொஞ்சம் கைச்செலவுக்கும் கொடுப்பார். மகளுக்குச் சடங்கு, கட்டுக்கட்டாக ஆஸ்பத்திரி பில், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் என்று வரும்போது போனசுக்காகக் காத்திருக்க முடியாது. மூன்று மாதம் கழித்து வரும் 17,500-ஐவிட இன்றைக்குக் கிடைக்கிற முப்பதாயிரம்தான் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பாக்கி முறையைக் குமாரபாளையத்திலேயே ஆராய்ந்தவர் கீர்ட் டி நீவ் என்ற மானிடவியலாளர். 1990-களின் நடுவில் பவானியிலும் குமாரபாளையத்திலும் களப்பணி செய்தார். 1999-இல் பாக்கியைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரையும், 2005-இல் இந்த ஊர்களின் தொழிலாளர் வாழ்க்கை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். முன்பணத்தைப் புதுவகைக் கொத்தடிமை என்று யான் பிரெமான் போன்றவர்கள் எழுதிவந்த காலம் அது. டி நீவ் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆளைக் கட்டிப்போட முதலாளிகள் ஆரம்பித்த பாக்கியைத் தொழிலாளிகளே பேரம் பேசும் கருவியாக மாற்றிக்கொண்டார்கள், கூடுதல் பாக்கி கொடுக்கிறவரிடம் தாவினார்கள், கடைசியில் பாக்கி கொடுத்தும் ஆள் நிற்கவில்லை என்று முதலாளிகளே புலம்பும் நிலை வந்தது என்பது அவர் கண்டது.

நல்ல அவதானிப்பு. ஆனால் அதன் எல்லையையும் பார்க்கவேண்டும். தறி அதிகமாகி ஆள் கிடைக்காத காலத்தில்தான் பாக்கி தொழிலாளியின் கையில் இருக்கும். நூல் விலை ஏறி, ஒரு ஷிஃப்ட் நின்று, வாரத்தில் நாலு நாள் மட்டும் தறி ஓடும்போது பாக்கியை அடைத்துக் கூட்டிக்கொண்டு போக ஆள் வரமாட்டார். அப்போது அதே தொகை வெறும் கடன், அவ்வளவுதான். இன்னொன்று: ஒவ்வொரு தாவலிலும் பாக்கி ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. பேரத்தில் ஜெயித்தவர் வாங்கி வந்த பரிசு கூடுதல் கடன்தான் என்றால் அந்த ஜெயத்தைப் பாதிக்குமேல் மெச்ச எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பக்கத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய தரகர்களின் விவகாரம் வெளியே வந்து, அரசு விசாரணையும் பிறகு நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வும் வந்தனவே, அந்தக் கடன்களில் எத்தனை விதம் கலந்திருக்கும் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாரக் கூலியில் மொத்தமாக ஒரு தொகையைச் சேர்க்கவே முடியாத வாழ்க்கையில் பாக்கி, சீட்டு, நகைக்கடன், போனஸ் ஆகிய நாலும் ஒரே பள்ளத்தை நிரப்ப வருகிறவை.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, முன்பணத்தைக் காட்டி வேறிடத்தில் வேலை செய்யும் உரிமையைத் தடுத்தால் அது கொத்தடிமை முறையின் வரையறைக்குள் வந்துவிடும், அந்தக் கடனும் செல்லாது. ஆனால் பாக்கியை அடைக்காமல் போய்ச் சட்டத்தைக் காட்டுகிறவருக்கு அடுத்த பட்டறையில் யார் பாக்கி கொடுப்பார்? எல்லாப் பட்டறைக்காரரும் ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர்.

போனசுக்கும் சட்டம் இருக்கிறது. அதைப் பேசுமுன் ஒரு கதையை ஓரமாக ஒதுக்கிவிடவேண்டும். ஐப்பசி பிறந்தால் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும் கதை: முன்பு வாரக் கூலி, வருஷத்துக்கு 52 வாரம், நாலு வாரத்துக்கு ஒரு மாதம் என்றால் 13 மாதச் சம்பளம், வெள்ளைக்காரன் மாதச் சம்பளமாக்கி ஒரு மாதத்தை விழுங்கிவிட்டான், போராடி 1940-இல் சட்டம் போட வைத்து அதைப் போனசாக வாங்கினோம் என்பது. படிக்க நன்றாக இருக்கும். 1940-இல் அப்படி ஒரு சட்டம் கிடையாது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல், பம்பாய் மில்கள் கூலியில் 10 சதவீதத்தைப் போர்க்கால போனசாகக் கொடுத்ததில் இது தொடங்கியது. 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் லாபத்தில் பங்கு போட ஒரு சூத்திரம் வகுத்தது. 1961-இல் மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன். 1965-இல் போனஸ் பட்டுவாடாச் சட்டம். குறைந்தபட்சம் அப்போது 4 சதவீதம், 1972-இல்தான் 8.33 ஆனது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். நெருக்கடி நிலையின்போது 1975-இல் மறுபடி 4-க்கு இறக்கினார்கள், 1977-இல் ஜனதா ஆட்சி திருப்பிக் கொடுத்தது. வாட்ஸ்அப் கதையை நம்பினால் இன்றுவரை வாரக் கூலி வாங்கும் குமாரபாளையத்துக்காரருக்கு விழுங்கப்பட்ட மாதமே இல்லை, போனசும் கேட்கக்கூடாது என்றாகிவிடும்!

1965 சட்டத்தில் வேலை மாறுகிறவருக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. கணக்காண்டில் 30 வேலை நாள் வேலை செய்திருந்தால் போதும், அந்த ஆண்டுக்கான போனஸ் உரிமை வந்துவிடும். முழு ஆண்டு வேலை செய்யாதவருக்கு நாட்கணக்கில் குறையும், இல்லாமல் போகாது. பட்டுவாடா அன்று வேலையில் இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உரிமை போவதற்குக் காரணம் மோசடி, திருட்டு, தொழிற்சாலைக்குள் வன்முறை, சொத்துக்குச் சேதம் செய்து அதற்காக நீக்கப்படுவது. ராஜினாமா அதில் சேராது. பிடித்தம் என்று எழுதியிருப்பதும் இரண்டுதான்: முன்கூட்டியே கொடுத்த பூஜை போனஸ் அல்லது இடைக்காலத் தொகை, தொழிலாளியின் குற்றத்தால் முதலாளிக்கு ஏற்பட்ட பண நஷ்டம்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதிலிருந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம், ஆகவே நவம்பர் கடைசி வரை அவகாசம். தீபாவளி அதற்குள் வந்துவிடுவதால் எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் 2025 தீபாவளிக்குக் கொடுத்த போனஸ் 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை உழைத்ததற்கானது. ஜூன் மாதம் வேலையை விட்டவருக்கு அந்த முழு ஆண்டுப் போனசும் ஏற்கெனவே சொந்தம். சம்பாதித்து முடித்த பணத்துக்காக ஐந்து மாதம் காவல் காப்பதைத்தான் "போனசுக்கு நிற்கிறேன்" என்கிறோம். சட்டம் சம்பாதிக்கும் நாளையும் கொடுக்கும் நாளையும் பிரித்து வைத்தது, அந்த இடைவெளியில் ஆளைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் குடியேறிவிட்டது.

அளவையும் பார்த்துவிடலாம். 1965 சட்டப்படி மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவருக்கு உரிமை இல்லை. அதற்குள் இருப்பவருக்கும் 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலின் குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது கூடவோ அதை வைத்துத்தான் கணக்கு. 7,000 என்று எடுத்தால் ஆண்டுக்கு 84,000, அதில் 8.33 சதவீதம் 6,997 ரூபாய், உச்சவரம்பான 20 சதவீதம் 16,800 ரூபாய். தமிழக அரசு பொதுத்துறை ஊழியர்களுக்குத் தீபாவளிக்கு அறிவிக்கும் 16,800 இப்படி வருவதுதான். சேலம் கோட்டத்து ரயில்வேக்காரர் வாங்கும் 78 நாள் போனஸ் 17,951 ரூபாய்க்குள் அடங்குவதும் இதே 7,000 உச்சவரம்பினால்தான்.

சேலத்தில் ஒரு மில்லில் மஸ்டர் ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் உள்ள, 18,000 வாங்கும் ஃபிட்டர் ஒருவருக்கு ஜூன் மாதம் 19,500-க்கு வேறு வேலை வருகிறது. ஐப்பசி வரை நின்றால் ஐந்து மாதத்தில் 7,500 ரூபாய் விட்டுப்போகிறது. குறைந்தபட்சப் போனஸ்தான், அதுவும் 7,000-ஐ வைத்துத்தான் தரும் இடம் என்றால் வருவது 6,997. பழைய முதலாளி ஒரு பைசாகூடத் தரமாட்டார் என்று வைத்துக்கொண்டாலும் கிளம்புவதே லாபம்! சட்டப்படி கேட்டு வாங்கிவிட்டால் இரட்டை லாபம். 20 சதவீதம் தரும் நல்ல மில் என்றால் கணக்கு மாறும். அப்போதும் ஐந்து மாதம் காத்திருப்பதைவிட எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போவது மேல். ராஜினாமாக் கடிதத்திலேயே "முடிந்த கணக்காண்டுக்கும், இந்த ஆண்டில் நான் வேலை செய்த நாட்களுக்கும் சேரவேண்டிய போனசை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும்" என்று ஒரு வரி, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து. தராவிட்டால் மூன்றாண்டுக்குள் மனுப் போடலாம், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க ஏற்பாடு உண்டு. எத்தனை பேர் அந்த ஏழாயிரத்துக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகப் படி ஏறுவார்கள் என்று கேட்டால், சிலர்தான். அந்தச் சலிப்பை நம்பித்தான் சில இடங்களில் "இப்ப ரோல்ல இல்லீங்களே" என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் 1965 சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதே, அது ஏதும் மாற்றுமா? 30 நாளும், 8.33-ம், 20-ம், எட்டு மாத அவகாசமும் அதிலும் அப்படியே இருக்கின்றன. ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளில் ஊதியத்தைக் கொடுத்துவிடவேண்டும் என்ற புது விதியைப் பார்த்துப் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் ஊதியம் என்றால் எது என்ற வரையறையில் சட்டப்படியான போனஸ் சேராது. எனவே சம்பளம் இரண்டு நாளில், போனஸ் பழைய எட்டு மாதத்தில். நல்ல வாய்ப்பு ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

தறிப்பட்டறைக்கு இந்த 30 நாள் விதி ஏன் எட்டவில்லை? சட்டம் தொழிற்சாலைகளுக்கும், 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் என்று எழுதப்பட்டது. விசைத்தறி எட்டும் பத்துமாக, அண்ணன் பேரில் கொஞ்சம், வீட்டுக்காரம்மா பேரில் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கும் தொழில். மஸ்டர் ரோல் கிடையாது, இருப்பது பாக்கியும் மீட்டரும் எழுதிய நோட்டு. அங்கே போனஸ் கிடைப்பது சங்கத்தின் பலத்தாலும் ஊர் வழக்கத்தாலும். வழக்கத்தில் நடுவருஷத்தில் போனவருக்கு இடமில்லை.

ஆகவே நிலைமை இப்படி நிற்கிறது: காத்திருக்கத் தேவையில்லை என்று சட்டம் யாருக்குச் சொல்கிறதோ அவருக்குப் போனஸ் ஒரு மாதச் சம்பளத்தின் ஒரு துண்டு, காத்திராவிட்டால் ஐந்து வாரக் கூலியை இழக்கிறவருக்குச் சட்டம் வாயே திறப்பதில்லை.

நாமக்கல்லின் இன்னொரு பெரிய தொழிலான பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. கல்வி நிறுவனங்களுக்குப் போனஸ் சட்டத்திலிருந்து விலக்கு. ஹாஸ்டலோடு நடக்கும் மெட்ரிக் பள்ளியில் வேதியியல் எடுக்கும் ஆசிரியர் தீபாவளிக்கு வாங்குவது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. அவர்கள் ஏப்ரலில் மாறுகிறார்கள், மே மாதச் சம்பளம் கிடைக்குமா என்பதே அவர்களுடைய கணக்கு. கோழிப்பண்ணைக்கும் ரிக் லாரிக்கும் வேறு வேறு வழக்கங்கள், அவற்றை இங்கே இழுக்கவில்லை.

மூன்றாவது ஆள், பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பெண். ஜாகீர் அம்மாபாளையத்து ஐடி பூங்காவில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 21,000-க்கு மேல் வாங்குவதால் சட்டம் இல்லை, ஆஃபர் லெட்டர்தான் சட்டம். அதில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: பணம் கணக்கில் ஏறும் நாளில் வேலையில் இருக்கவேண்டும், நோட்டீஸில் இருக்கக்கூடாது. முப்பது நாள் விதியை அப்படியே தலைகீழாக்கிய வரி. மாதம் 60,000 வாங்குகிறார், புது இடத்தில் 75,000. ஆண்டுப் போனஸ் 72,000, ஏப்ரல் கடைசியில் வரும். 72,000-ஐ 15,000-ஆல் வகுத்தால் 4.8 மாதம். டிசம்பருக்குப் பிறகு புது வேலை வந்தால் காத்திருப்பது லாபம், அதற்கு முன் என்றால் ராஜினாமாவை உடனே கொடுப்பது லாபம். நோட்டீஸ் மூன்று மாதம் எப்படியும் உண்டு. முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் அது மாறாது.

ஆனால் அந்த 72,000 என்பது தாளில் உள்ள எண். கம்பெனி சரியாக ஓடவில்லை, ரேட்டிங் ஒரு படி இறங்கியது என்றால் அறுபது சதவீதம்தான் வரும், அப்போது 43,200, மூன்று மாதத்துக்கும் குறைவு. புது இடத்திலும் போனஸ் உண்டென்றால் சமப்புள்ளி இன்னும் நெருங்கும். அதோடு புதுக் கம்பெனி ஏப்ரல் வரை நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இத்தனையையும் கழித்துப் பார்த்தால் ஐடிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

ஒரு வேடிக்கை. "உங்க போனஸ் போனா போகட்டும், அதை நாங்க ஜாய்னிங் போனசாத் தர்றோம், நோட்டீஸ் பணத்தையும் நாங்களே கட்டிடுறோம்" என்று பெங்களூர் எச்.ஆர். சொல்வதும், பழைய பாக்கியை அடைத்து ஆளை எடுக்கும் குமாரபாளையத்து முதலாளி செய்வதும் ஒரே காரியம். ஒரு வருஷத்துக்குள் போனால் ஜாய்னிங் போனசைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வரும். வித்தியாசம், ஐடிக்காரரின் பாக்கி ஓராண்டில் தானாகக் கரைந்துவிடும். தறிக்காரருடையது கரையாது. கரையும் பாக்கி என்ற ஏற்பாடு பட்டறைக்கும் வரக்கூடாதா என்று தோன்றுகிறது.

இந்தக் கணக்கு எல்லாம் படித்தவன் போடுவது, ஏழைக்கு மொத்தமாகக் கையில் வருவதுதான் பெரிசு என்று ஒரு மறுப்பு வரும். வலுவான மறுப்பு. வாரம் நூறு ரூபாய் கூட வந்தால் அது வாரத்தோடு போய்விடும். நோம்பிக்கு 17,500 வந்தால் அடகில் இருக்கும் தோடு வீட்டுக்கு வரும். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் கிடக்கும் கைமாற்றை அடைத்தால் வருஷத்துக்கு 36 சதவீதம் மிச்சம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வட்டியை மறுபக்கமும் போடவேண்டும். ஜூனில் சேரவேண்டிய பணம் ஐப்பசியில் வந்தால் அந்த ஐந்து மாதமும் அடகு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மொத்தமாக வருவது நல்லது என்பதிலிருந்து தாமதமாக வருவதும் நல்லது என்று ஆகிவிடாது.

தீர்ப்பு இது. தறி ஓட்டுகிறவர் பொங்கலுக்குப் பிறகு பட்டறை மாற நினைத்தால் தீபாவளி வரை நிற்கட்டும். வாங்கிய போனசில் பாக்கியை ஒரு கை குறைத்துவிட்டு, நோம்பிக்கு மறுவாரம் மாறட்டும். மாறும்போது கையில் நீட்டும் புதுப் பாக்கியில் பழசை அடைக்கத் தேவையானதற்கு மேல் தொடாமல் இருந்தால்தான் அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம். மஸ்டர் ரோலில் இருப்பவர் ஒருநாளும் போனசுக்காக நிற்கவேண்டாம். ஐடிக்காரர் இரண்டு மாதம், அதுவும் ரேட்டிங் கடிதம் கையில் இருந்தால்.

தறிக்காரருக்கு நான் சொன்ன "இரு" நியாயத்தால் வந்ததல்ல, வேறு வழி இல்லாததால் வந்தது. அதை மாற்றுகிற இடம் ஐப்பசியில் நடக்கும் பேச்சுவார்த்தை மேசைதான். செய்தியில் வருவதெல்லாம் சதவீதம். போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை. அரை சதவீதத்துக்கு மூன்று சுற்றுப் பேசுகிறார்கள். நம் உதாரணத்து ஆளுக்கு அரை சதவீதம் என்பது 875 ரூபாய். ஆவணியில் பட்டறை மாறினால் அவர் இழப்பது 14,000-க்கு மேல். "நடுவில் போனவருக்கும் வேலை செய்த வாரங்களுக்கு உண்டு" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் ஏற்றுவது அந்த அரை சதவீதத்தைவிடப் பெரிய வெற்றி.

முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயமான பயம் உண்டு. நோம்பி ஆர்டர் மும்முரத்தில் பாதிப் பாவை விட்டுவிட்டு ஆள் கிளம்பினால் தறி நிற்கும், வியாபாரி காத்திருக்கமாட்டார். அதற்கு ஆளுக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டிய ஒரு தவணையும், ஓடுகிற பாவை முடித்துக் கொடுக்கும் கடமையும் எழுதிக்கொள்ளலாம். பணத்தைப் போகிற அன்றே கொடுக்கவேண்டும் என்றுகூட இல்லை. எல்லோருக்கும் கொடுக்கிற அதே தீபாவளி வாரத்தில், போனவரையும் கூப்பிட்டு, நோட்டில் அவர் பேருக்கு நேரே உள்ள வாரங்களைக் கூட்டிக் கொடுத்தால் போதும். ஐப்பசியில் முடிவாகும் சதவீதமே அவருக்கும்.